கருவாட்டு மாப்பிள்ளை

கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஆயிரம் வேலை இருக்கும். டென்னிஸோ தங்கச்சிமடத்து வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, மகன் பிரடெரிக்கின் புது ஷூவைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரன் விலைச் சீட்டை அடியில்தான் ஒட்டுவானாம். வேறு இடமே கிடைக்கவில்லை பாருங்கள் அவனுக்கு. சீட்டு கிழிந்து வந்துவிட்டது. பசை மட்டும் போவேனா என்றது.

விட்டுத் தொலையண்ணே, அடியை யார் பார்க்கப் போகிறார்கள் என்றாள் தங்கை கிறிஸ்டினா. யாரா? பீடத்துக்கு முன்னால் மாப்பிள்ளை முழந்தாளிட்டால், பின்னால் இருக்கிற ஊர் முழுக்க ஷூவின் அடியைத்தான் பார்க்கும். அது டென்னிஸுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எவருக்கும் தெரியாது.

அவருடைய கல்யாணத்திலும் இதே பசைதான். சீட்டைக் கிழித்ததோடு விட்டுவிட்டார். கோயிலுக்குப் போகும் தெருவெல்லாம் நெத்திலி காயப்போட்டிருந்தார்கள். மிதித்து வந்தவர் முழந்தாளிட்டதும் பின்வரிசையில் கிளுக்கென்று ஒரு சிரிப்பு. அப்புறம் கோயிலே சிரித்தது. ஷூவின் அடியில் ஒரு நெத்திலிக் கருவாடு, வால் மேலே பார்க்க, ஜம்மென்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவரை தலையே நிமிராத மணப்பெண் வேளாங்கண்ணி என்னவென்று திரும்பிப் பார்த்தவள், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்த நேரத்தில்தான் டென்னிஸுக்கு அவளை அவ்வளவு பிடித்துப்போனது. ஆனால் கருவாட்டு மாப்பிள்ளை என்ற பெயர் இன்றுவரை போகவில்லை. மீன் ஏலக்காரன் சின்னச்சாமிகூட அப்படித்தான் கூப்பிடுகிறான். மகனுக்கும் அந்தப் பெயர் வரக்கூடாது என்றுதான் இந்தப் பாடு.

அவர் கல்யாணத்தன்று சாயங்காலம் அந்தப் பசையை எடுத்தவள் வேளாங்கண்ணிதான். டென்னிஸ் படகு டீசலைத் தூக்கிக்கொண்டு வர, நாற்றம் போகாது என்று பிடுங்கி வைத்துவிட்டுத் தேங்காயெண்ணெயைத் தடவினாள். ஊறவிட்டுப் பழந்துணியால் உருட்டி எடுத்தாள். வழுக்காமல் இருக்கச் சாம்பல் போட்டுத் துடைத்தாள். சின்னப்பிள்ளையில் பிரடெரிக் சோறு உண்ண வேண்டுமென்றால் இந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும். அவளும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டவள் மாதிரிச் சிரிப்பாள். அவள் கண்மூடி இரண்டு வருஷம். அந்தச் சிரிப்பு இல்லாமல் என்ன கல்யாணம் என்று நினைத்தபடியே டென்னிஸ் தேங்காயெண்ணெயை எடுத்தார்.

அவள் செய்தபடியே செய்து முடித்தார். விரலை வைத்து அழுத்திப் பார்த்தார், ஒட்டவில்லை. மகனிடம் கொடுத்து, தெருவில் கால் வைக்காதே, காரிலேயே போய் இறங்கு என்றார். அவனும் தலையாட்டினான்.

கோயிலில் பிரடெரிக்கும் மணப்பெண் ஜாஸ்லினும் முழந்தாளிட்டார்கள். பின்வரிசையில் கிளுக்கென்று சிரிப்பு. டென்னிஸ் சட்டென்று எழுந்தார். எட்டிப் பார்த்தார். வலது ஷூவின் அடியில், வால் மேலே பார்க்க, ஒரு நெத்திலி. ஜாஸ்லினின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின.

வெளியே வந்ததும் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏலே, ஒரு பொட்டுப் பசை இல்லாம எடுத்துல்ல குடுத்தேன்.”

“நாந்தாம்ப்பா ஒட்டுனேன். அம்மா இல்லாம எப்பிடிக் கல்யாணம் பண்றது?”

டென்னிஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தப் பக்கம் சின்னச்சாமி, புதுக் கருவாட்டு மாப்பிள்ளை வந்தாச்சு என்று ஏலம் போடும் குரலில் கூவிக்கொண்டிருந்தான். கூவட்டும் என்று விட்டுவிட்டார்.