சுண்ணாம்பு மண்ணின் வானம்

எங்கள் ஊராகிய கார்ஸ்டேலில், ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் ஊற்றுக்குப் பூப்படம் வைப்பது வழக்கம். மரப்பலகைகளில் ஈரக் களிமண்ணை அப்பி, அதன்மேல் பூவிதழ்களையும் பாசியையும் பதித்து, விவிலியக் காட்சியொன்றை அமைத்து, வற்றாத நீருக்கு நன்றியாக ஊற்றின் முகப்பில் நிறுத்துவோம். களிமண்ணை மிதித்துப் பதமாக்குவது ஆண்களின் பணி. இதழ் பதிப்பது பெண்களின் உரிமை. உரிமை என்றே கூற வேண்டும். தாயிடமிருந்து மகளுக்கு இறங்கியதே தவிர, விரும்பியவர் எவரும் சென்று அமரக்கூடிய இடமாக அது இருந்ததில்லை.

என் அம்மா மியூரியல், ஸ்டாக்போர்ட் நகரின் பஞ்சாலைத் தெரு ஒன்றில் பிறந்தவர். குவாரியில் பணிபுரிந்த அப்பாவை மணந்து இங்கு வந்தார். நான் பள்ளி செல்லும் வயதை அடைந்த பின்னரும், ஊரார் வாயில் அவர் "வில்ஃப்ரெட் கட்டிக்கிட்டு வந்த ஸ்டாக்போர்ட்காரி"தான். ஹீத்கோட் வீட்டுக் கொட்டகையில் பெண்கள் பலகைகளைச் சூழ்ந்திருக்கும்போது, அம்மா அவர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டுக் கதவருகே நின்று பார்ப்பார். அங்கே ஓர் ஓரத்திலாவது தமக்கு இடம் வேண்டும் என்ற ஆசையை அவர் வாய்விட்டுக் கூறியதில்லை. ஆயினும் எங்கள் வீட்டில் அதை அறியாதவர் இல்லை.

போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்த ஒரு கோடையில், அப்பாவின் அக்காவும் இதழ் பதிக்கும் பெண்களின் தலைவியுமான வினிஃப்ரெட் அத்தை எங்கள் சமையலறைக்குள் வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"படத்துல வானம் பதிக்கிற ஐவிக்குப் பிரசவ வலி எடுத்துடுச்சு. வானத்துக்கு ஆள் இல்ல. உனக்குக் கை நடுங்காதுல்ல?"

"நடுங்காது" என்றார் அம்மா.

"அப்ப கிளம்பு. வானம்தானே, கண்ணு. ஆட்டுக்குட்டி மூஞ்சி பதிக்கற மாதிரி கஷ்டம் ஒண்ணும் இல்ல."

அவ்வாண்டின் காட்சி, இரவெல்லாம் வலை வீசியும் மீன் கிடைக்காத சீடர்களுக்காக விடியற்காலையில் ஆண்டவர் கரையில் நிற்பது. கடலும் படகும் பெரிய பலகையில் இருந்தன. வானம் தனிப்பலகை, கொட்டகையின் மறுகோடியில் கிடந்தது. வானத்துக்கென ஹைட்ரேஞ்சியா என்னும் கொத்துப்பூ, நீல நிறத்தில், ஒரு கூடை வந்திருந்தது. எங்கள் சுண்ணாம்பு மண்ணில் அந்தச் செடி இளஞ்சிவப்பாக மட்டுமே பூக்கும். வெளியிலிருந்து மண் கொணர்ந்து பாதிரியார் மனைவி தொட்டிகளில் வளர்த்த நீலப் பூக்கள் அனைத்தும் அக்கூடையில் இருந்தன.

உடன் சென்றிருந்த நான் பார்த்தவரை, அம்மா நாள் முழுவதும் தலை நிமிரவில்லை. ஈரக் களிமண்ணின் குளிர்ந்த மணமும் பெண்களின் முணுமுணுப்பும் கொட்டகையை நிறைத்திருந்தன. இன்றும் மழைக்குப் பின் தோட்டத்தில் நடக்கும்போது அந்த மணம் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

மாலையில் அத்தை வந்து குனிந்து, நகத்தால் ஓர் இதழை நெம்பிப் பார்த்தார்.

"இத எங்கேர்ந்து ஆரம்பிச்ச?"

"மேலேர்ந்து."

பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தனர். கீழ்விளிம்பில் தொடங்கி, ஒவ்வொரு வரிசையும் தன் கீழுள்ள வரிசையின்மேல் கவியுமாறு பதிக்க வேண்டும். அப்போதுதான் மழைநீர் உட்புகாமல் வழிந்தோடும். கார்ஸ்டேலில் பிறந்த எவருக்கும் இதை எவரும் சொல்லித்தர நேர்ந்ததில்லை. ஆகவே அம்மாவுக்கும் சொல்ல வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஸ்டாக்போர்ட்ல மழை கீழேர்ந்து மேல பெய்யும் போலிருக்கு" என்றாள் ஒருத்தி. சிலர் சிரித்தனர்.

"நாளைக்கு மழை வராது, வினி. விட்டுடேன்" என்றார் திருமதி ஹீத்கோட்.

"பாதிரியார் ஊத்த ஆசீர்வதிக்கற அன்னிக்கு மழை வராத வருஷம் ஏது? வானம் கரைஞ்சு ஆண்டவர் தலையில வழியட்டுமா?" அத்தை அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீ வீட்டுக்குப் போ, கண்ணு. நாங்க பாத்துக்கறோம்."

கனிவாகத்தான் சொன்னார். ஆயினும் அன்று எழுந்து போனால் மறுபடி அங்கே அமர முடியாது என்பதை அம்மா உணர்ந்திருக்க வேண்டும். அவர் எழவில்லை. தாம் பதித்த இதழ்களைத் தாமே உரிக்கத் தொடங்கினார். அவை கசங்கி, சேறு படிந்து வந்தன.

"எல்லாத்தையும் பிச்சுட்டா நீலத்துக்கு எங்க போறது?" என்று அத்தை பதறினார்.

"நீலம் எதுக்கு? விடியக்காலைதானே அவர் கரையில நின்னாரு? அந்நேரத்துல வானம் நீலமாவா இருக்கும்?"

"நம்ம ஊருல வானம்னா நீலம்தான் வைப்போம்."

"நம்ம ஊருல பூக்கறது என்ன நிறம்?"

முதலில் சிரித்தவர் திருமதி ஹீத்கோட். "எங்க வேலி பூரா அதுதான் மண்டிக் கெடக்கு. யாரும் சீண்டறதில்ல. இரு, வெட்டிட்டு வரேன்."

கோடை வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. பெண்கள் தத்தம் தோட்டங்களுக்குச் சென்று கூடை கூடையாக இளஞ்சிவப்புப் பூக்களுடன் திரும்பினர். அத்தை ஒரு முக்காலியை இழுத்து அம்மாவின் தோளை இடித்துக்கொண்டு அமர்ந்தார்.

"கீழேர்ந்து. ம். இன்னும் கொஞ்சம் மேல ஏத்தி வை. பாதி மூடணும். அப்படித்தான்."

மறுநாள் பாதிரியார் செபத்தைத் தொடங்கும் முன்பே மழை தொடங்கிவிட்டது. எவரும் பாதிரியாரைக் கவனித்ததாக எனக்கு நினைவில்லை. குடைகளின் கீழிருந்து அனைவரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தனர். நீர் இதழ் இதழாக இறங்கி விளிம்பில் சொட்டியது. ஓர் இதழும் பெயரவில்லை.

திரும்பும் வழியில் அத்தை அம்மாவுடன் நடந்துவந்தார்.

"அடுத்த வருஷம் வானத்த ஐவி பாத்துக்கட்டும். நீ பெரிய பலகையில என் பக்கத்துல உக்காரு. உன்னத் தனியா விட்டா ஆகாது."

"சரி, வினி" என்றார் அம்மா. அதுவரை அவர் அத்தையை அவ்வாறு அழைத்து நான் கேட்டதில்லை.

வீட்டில் அப்பா தேநீருக்காகக் காத்திருந்தார். அம்மா ஈரக் கோட்டுடனே நாற்காலியில் அமர்ந்து, நகக்கண்களில் காய்ந்திருந்த களிமண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கைகளைக் கழுவவில்லை. அன்று தேநீரை அப்பாதான் போட்டார்.