எந்தக் கண்ணாடி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். அந்த மூக்கு ஏற்கனவே ஒரு தடவை ஆபரேஷன் ஆனது, நாளைக் காலை இன்னொரு தடவை ஆகப் போவது.

பிறவியிலேயே வலது பக்கம் சாய்ந்த மூக்கு எனக்கு. பள்ளிக்கூடத்தில் என் பெயர் 'இண்டிகேட்டர்'. நான் நடந்து போனால் பின்னாலிருந்து, "வழி விடுங்கடா, ரைட்ல திரும்பப் போறா" என்பார்கள். என் அக்கா இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். கேட்டால் செல்லமாம். அவள் கணக்கு டீச்சர், அவளுடைய செல்லத்தில் பாதி எப்போதும் தண்டனை போலத்தான் இருக்கும்.

இப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்: மூக்குக்கண்ணாடிக் கடை. பின்னறையில் ஒரு மேஜை, கையில் சின்னக் குறடு, நாள் முழுக்க ஊரார் மூக்கோடு பிழைப்பு. ஃபிரேமை முகத்தில் சரியாக உட்கார வைப்பது என் வேலை. அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம் உண்டு, யாரிடமும் சொன்னதில்லை. கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உட்காருபவர்களுக்கு என் முகம் தெரியாது. புகையாகத்தான் தெரியும். நான் அவர்கள் மூக்கை ஆராய்வேன், அவர்களால் என் மூக்கை ஒன்றும் செய்ய முடியாது. முன் கவுண்டருக்கு வா என்று முதலாளியம்மா பலமுறை கூப்பிட்டார். "மூக்கு சரியாகட்டும்மா" என்று தள்ளிப்போட்டு வந்தேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். "ஃபிரேம் கோணலா இருக்கு" என்று சண்டைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருடைய ஃபிரேமில் ஒரு குறையும் இருக்காது. ஒரு காது மேலே இருக்கும், ஒரு காது கீழே இருக்கும், அல்லது மூக்கு என்னுடையதைப்போல எங்காவது பார்த்துக்கொண்டிருக்கும். அதை முகத்துக்கு நேரே சொல்லலாமா? "ஃபிரேம்தான் சார், இப்ப சரி பண்ணிடறேன்" என்று பழியை ஃபிரேம் தலையில் போட்டுவிட்டு, அந்த முகத்துக்குத் தோதாக ஃபிரேமைக் கோணலாக வளைத்துக் கொடுப்போம். மாட்டினால் நேராக இருக்கும். அவரும் சந்தோஷமாகப் போவார். வாயால் ஃபிரேமைக் குறை சொல்லி, மனதுக்குள் முகத்தைக் குறை சொல்லியே எனக்குப் பழகிவிட்டது.

சென்ற வருடம் ஆபரேஷன் செய்துகொண்டேன். கட்டுப் பிரித்த பிறகும் மூக்கில் பாரம் ஏற்றக் கூடாது என்றார் டாக்டர். எனக்கோ கண்ணாடி இல்லாவிட்டால் சுவரும் கதவும் ஒன்று. கான்டாக்ட் லென்ஸ் போட்டால் கண் சிவந்துவிடும். அதனால் கண்ணாடியை நெற்றியில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு, மூக்கில் படாமல் தொங்கவிட்டு நடமாடினேன். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "கேபிள்ல தொங்கற மாதிரியே இருக்கு" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வீங்கிக் கிடந்தாலும் என் மூக்கு அப்போது நேராக இருந்தது. எத்தனை சந்தோஷம் தெரியுமா! அலமாரிக் கதவில், டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில், நிறுத்தி வைத்த கார்களில் எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டு போனேன்.

பிறகு டேப்பை எடுத்துவிட்டுக் கண்ணாடியை வழக்கம்போல மாட்டிக்கொள்ளலாம் என்றார்கள். கொஞ்ச நாளில் வீக்கமும் வடிந்தது. வடிய வடிய மூக்கு பழைய பக்கமே திரும்பிவிட்டது.

முதலில் நம்பவில்லை. பிறகு அதைத் தவிர வேறெதையும் நம்பவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் அதிகம். டாக்டரிடம் ஓடினேன். "கண்ணாடியைக் கழட்டுங்க" என்றார், எப்போதும் சொல்வதுபோல. கழற்றினேன். அளவெடுத்தார், போட்டோ எடுத்தார். "நேராதாம்மா இருக்கு. மூக்குத் தண்டுல இந்த இடத்துல சின்னப் பள்ளம் ஒண்ணு விழுந்திருக்கு, அது நிஜம். ஆனா மூக்கு சாயவே இல்லை."

"சாஞ்சிருக்கு டாக்டர். நான் தினமும் பாக்கறேனே."

"குருத்தெலும்புக்குப் பழைய ஞாபகம் இருக்கும். சில பேருக்குக் கொஞ்சம் திரும்பும். உங்களுக்கு அப்படித் தெரியலை."

அவர் சொன்னதில் ஞாபகம் என்ற ஒரு வார்த்தையை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். மூக்குக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் தன் வேலையை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார், அவ்வளவுதான். அவர் எடுத்த போட்டோவில் நேராக இருந்ததே என்கிறீர்களா? வெளிச்சத்தை எப்படி வைத்தால் எது மறையும் என்று எனக்குத் தெரியாதா?

இரண்டாவது ஆபரேஷன் பற்றிக் கேட்டபோது அவர் குரல் மாறியது. உள்ளே தழும்பு இருக்குமாம். எடுக்க இனி அங்கே குருத்தெலும்பு மிச்சமில்லையாம், காதிலிருந்து எடுத்து வைக்க வேண்டுமாம். சரியாக அமையாவிட்டால் மூச்சு விடுவதே சிரமமாகலாமாம். "பள்ளத்தை நிரப்பலாம். ஆனா என்னைக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்வேன். ஒரு வருஷம் ஆகட்டும், அப்பவும் கேட்டீங்கன்னா பாப்போம்" என்றார்.

வருடம் முடிந்தது. மறுநாளே போய்க் கேட்டேன். அரை மனதோடு நாள் குறித்துக் கொடுத்தார்.

வீட்டுக்காரர் அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "மூக்குக்காகக் காதை வெட்டுவாங்களா? அப்புறம் கண்ணாடியை எதுல மாட்டுவே?" என்று விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். அடுத்த வாக்கியத்தில் குரல் உடைந்தது. "இப்ப நல்லா மூச்சு விடறே. தூங்கறப்ப பக்கத்துல படுத்து நான் கேட்டுட்டுத்தானே இருக்கேன். அதுல கை வைக்கணுமா?" மறுநாள் குளியலறைக் கண்ணாடியைக் காணோம். ஆணி லூசாக இருந்ததாம். லிஃப்டையே தொங்கவிடுகிறவருக்கு ஒரு ஆணி லூசாம்.

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. மூச்சடைத்துக் கிடப்பதுபோலக் கற்பனை செய்து பயப்படுவேன். பயந்த கையோடு போய் அலமாரிக் கதவில் முகத்தைப் பார்ப்பேன். பார்த்ததும் பயம் போய்விடும், வெறுப்பு வந்துவிடும். மறுபடி பயம். வேலையில் இரண்டு குழந்தைகளின் ஃபிரேமை ஆள் மாற்றிக் கொடுத்தேன். முதலாளியம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது.

அப்போதுதான் அக்கா வந்தாள். ஆபரேஷனுக்குத் துணைக்கு வா என்று நானே கூப்பிட்டிருந்தேன். பையைக் கீழே வைக்கவில்லை, என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள், ஆரம்பித்துவிட்டாள்.

"உன் மூக்கு நேராத்தான்டி இருக்கு. கோணல் கண்ணாடிலதான்."

சுருக்கென்றது. எல்லாரும் சொல்வதைத்தான் இவளும் சொல்கிறாள். கண்ணாடி முன்னால் நின்று நின்று எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது, குறை மூக்கில் இல்லை, பார்க்கிறவள் புத்தியில்.

"நீயுமா? என்னைப் பைத்தியம்ங்கறே."

"நான் எங்கடி பைத்தியம்னு சொன்னேன்? கண்ணாடியைச் சொன்னேன்."

"தெரியும், கண்ணாடி முன்னாடி நிக்காதேன்னுதான் இந்த வீட்ல எல்லாரும் சொல்றாங்க. இன்னும் இண்டிகேட்டர்னு கூப்பிடறவளே நீதானே! நேர் மூக்கோட பொறந்தவளுக்கு என்ன தெரியும்? என் மூக்கு விஷயத்துல நீ மூக்கை நுழைக்காதே!"

அவளுக்கும் கோபம் வரும், ஒரே வீட்டில் பிறந்தவள்தானே. "போடி. இனி நான் வாயே திறக்கலை" என்றாள். திறக்கவும் இல்லை. ஆனால் இன்று காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பேச மாட்டாளாம், வருவாளாம்.

இன்று வந்தது கோடு போட்டுப் பார்ப்பதற்கு. எங்கே வெட்டுவது, எங்கே வைப்பது என்று டாக்டர் முகத்தில் வரைந்து காட்டுவார். சம்மதம் என்றால் கையெழுத்துப் போட வேண்டும், நாளைக் காலை ஆபரேஷன். அக்காவை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். டாக்டர் நாற்காலியைக் காட்டினார்.

"கண்ணாடியைக் கழட்டுங்கம்மா."

கழற்றி மடியில் வைத்தேன். இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்தார். மேலுதட்டுக் குழியில் ஒரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே ஸ்கேலை வைத்து மூக்கின் மேல் ஊதா மையால் ஒரே கோடாக இழுத்தார். பேனா ஜில்லென்று இருந்தது. "இதுதான் உங்க முகத்தோட நடு. மூக்கு இதுலேர்ந்து எங்க விலகியிருக்குன்னு நீங்களே காட்டுங்க" என்று கைக்கண்ணாடியை நீட்டினார்.

கைக்கண்ணாடியில் ஊதாப் புகை தெரிந்தது. மடியில் இருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

கோடு மூக்கின் தண்டில் அப்பழுக்கில்லாமல் நடுவில் ஓடியது. பள்ளத்தில் மட்டும் லேசாக இறங்கி ஏறியது. ஆனால் என் கண்ணாடியின் நடுப்பாலம் கோட்டின் மேல் இல்லை. இடது பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தது. வலது கண் லென்ஸின் விளிம்பில் இருந்தது, இடது கண் மூக்கோரத்தில் ஒடுங்கியிருந்தது. ஒரு வாடிக்கையாளர் இப்படி வந்து உட்கார்ந்திருந்தால் பேசுவதற்கு முன்பே குறடைக் கையில் எடுத்திருப்பேன்.

கழற்றினேன். விரலால் தடவிப் பார்த்தேன். வலது பக்க மூக்குத்தாங்கி வெளியே விரிந்திருந்தது, இடது பக்கத்தது உள்ளே தள்ளியிருந்தது. யார் வளைத்தது? நான்தான். என் கையால், பழைய மூக்குக்கு, பார்த்துப் பார்த்து. சாய்ந்த மூக்கில் நேராக உட்கார வேண்டும் என்று வளைத்த ஃபிரேமை, நேரான மூக்கில் ஒரு வருடமாக மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். டாக்டர் பார்த்த மூக்கில் ஒரு நாளும் கண்ணாடி இருந்ததில்லை. நான் பார்த்த மூக்கில் கண்ணாடி இல்லாத நாளே இல்லை. ஞாபகம் வைத்திருந்தது குருத்தெலும்பு அல்ல.

கோணல் கண்ணாடிலதான்.

எழுந்து கதவைத் திறந்தேன். முகத்தில் ஊதாக் கோட்டோடு நின்ற என்னைப் பார்த்து அக்கா பதறி எழுந்தாள்.

"அக்கா, அன்னைக்கு நீ சொன்னது எந்தக் கண்ணாடி?"

"எந்தக் கண்ணாடின்னா? மூக்கு மேல உக்காந்திருக்கே, அதுதான். வேற எது?"

"ஏன் விளக்கமா சொல்லலை?"

"சொல்ல விட்டியா நீ? கண்ணாடிக் கடைக்காரிக்கு நான் கண்ணாடியைப் பத்திப் பாடம் எடுக்கணுமா?" என்றவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். நான் அழுதுகொண்டிருந்தேன். மூக்கு ஒழுகியது, அதைத் துடைக்கப் போய்க் கோடும் கலைந்தது.

டாக்டரிடம் சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நேராகக் கடைக்கு வந்தேன். அக்கா கூடவே வந்தாள். மேஜை விளக்கைப் போட்டுக் குறடை எடுத்தேன். கை ஓடவில்லை. எத்தனையோ ஆயிரம் தாங்கிகளை வளைத்த கை, சொந்தத் தாங்கியைத் தொடத் தயங்கியது. இதை நேராக்கிய பிறகும் மூக்கு சாய்ந்தே தெரிந்தால்? நேராகவே தெரிந்தால்? இரண்டாவது கேள்விதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. முன் கவுண்டருக்குப் போகாததற்கு, கல்யாண போட்டோக்களில் ஓரமாக நின்றதற்கு எல்லாம் இத்தனை வருடம் இந்த மூக்குதான் சாக்கு. அதுவும் போய்விட்டால் எதன் பின்னால் ஒளிந்துகொள்வது?

வலதை உள்ளே, இடதை வெளியே. காதுக் கம்பிகளையும் சமமாக்கினேன். மேஜையில் வைத்தேன், ஆடாமல் நின்றது. மேஜைக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு மாட்டினேன்.

"பாருடி, நானும் எவ்ளோ நேரம் நிக்கறது" என்றாள் அக்கா.

பார்த்தேன். நேராக இருந்தது. மூக்குத் தண்டில் டாக்டர் சொன்ன பள்ளம் இருந்தது, விளக்கு வெளிச்சத்தில் நிழல்கூட விழுந்தது. அது கண்ணை உறுத்தியது, பொய் சொல்லவில்லை. கை தானாக அதைத் தடவப் போனது. மூச்சை இழுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தாராளமாகப் போனது, வந்தது. இதையா பணயம் வைக்கப் பார்த்தேன்?

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டேன். நாளைக்கு வரவில்லை என்றேன். காரணம் கேட்டாள் நர்ஸ்.

"கண்ணாடிதான் காரணம் சிஸ்டர்."

மறுமுனையில் குரல் இளகியது. "புரியுதும்மா. கண்ணாடி முன்னாடி நின்னா நமக்கு நம்ம குறைதான் தெரியும். ரொம்பப் பாக்காதீங்க."

மூக்குக்கு மேல் வந்தது கோபம். அந்தக் கண்ணாடி இல்லை, மூக்குக்கண்ணாடி என்று திருத்த வாயெடுத்தேன். எதிரே கடை அலமாரிக் கதவில் என் முகம் தெரிந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே நான் பள்ளத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஆமா சிஸ்டர்" என்றேன், "அந்தக் கண்ணாடியும்தான்."