திரையில் வெயில், கூரையில் மழை

சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து, அந்தப் பெயர்ப்பலகை ஓவியருக்குப் பின்னறைக் கட்டிலே உலகமாகிப் போனது. அவர் மனைவி முன்வாசலில் செடி விற்றாள். படுத்தபடியே அவளைப் பார்க்க முடிந்தால் மனசு கொஞ்சம் ஆறும் என்றார் அவர். கேமரா மாட்ட ஒயர்மேன் வந்தார். வேலையில் அவ்வளவு நிதானம் என்பதால் எல்லோரும் அவரை மின்னல் என்றுதான் கூப்பிட்டார்கள்.

மின்னல் ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்தார்.

"வைஃபை கேமரான்னா இன்னைக்கே மாட்டிடலாம்க்கா. ஆனா நடுவுல ரெண்டு கனத்த சுவர் இருக்கு, படம் அப்பப்ப நின்னுடும். கேபிள்னா நிக்காது. சுவரைத் துளைச்சு இழுக்கணும், அவ்வளவுதான்."

தூசியில் இவர் இருமினால் இடுப்பு வலி உயிரை எடுக்கும் என்று அவள் வைஃபையே போதும் என்றுவிட்டாள்.

ஒரு மதியம் மாத்திரையின் மயக்கத்தில் அவர் போனில் கேமரா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே அவள் குழாயோடு பாதி திரும்பிச் சிரித்தாள். பீய்ச்சிய தண்ணீர் வில்லாக வளைந்து, கீழே விழாமல் வெயிலிலேயே நின்றது. அது அவருக்கு விநோதமாகப் படவில்லை. கூரையில் மழை கொட்டும் சத்தம் கேட்டது. காதில் மழை, கையில் வெயில். அந்த மஞ்சளை எந்தெந்தச் சாயம் கலந்து கொண்டுவரலாம் என்று யோசித்தபடியே கண்ணயர்ந்தார். தண்ணீர்த் துளிகள் அறைக்குள் மிதந்து வந்து கட்டிலுக்கு மேலே தொங்கின. அவர் வலியில்லாமல் எழுந்து, அவற்றை விலக்கிக்கொண்டு அவளை நோக்கி நடந்தார்.

நெற்றியில் சில்லென்று ஏதோ விழுந்தது. கண்ணைத் திறந்தார். தொப்பலாக நனைந்து அவள் நின்றிருந்தாள்.

"யாரைப் பாத்து சிரிக்கிறீங்க?"

"உன்னைத்தான்."

அவள் போனை வாங்கி, வெயிலில் நின்றவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இவ நல்லாத்தான் இருக்கா. நான்தான் மழையில தொட்டி தூக்கித் தூக்கி ஒடிஞ்சு போயிட்டேன்."

மறுநாளே மின்னலுக்குச் சொல்லி அனுப்பினாள். கட்டிலைப் போர்வையால் மூடி, அதற்கும் மேல் இன்னொன்றைப் போர்த்தி, சுவர்களைத் துளைத்து கேபிள் இழுத்தார்கள். உள்ளே இருந்தவர் இருமாமல் பல்லைக் கடித்துக்கொண்டார்.

அதன்பின் படம் நிற்கவேயில்லை. வாங்க வந்தவர்களிடம் அவள் வாய் ஓயாமல் பேசுவதையும், வெயில் தொட்டி தொட்டியாக நகர்வதையும் அவர் பார்த்தார். ஒரு நாள் ஆள் வராத நேரத்தில் அவள் ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். தோள்கள் தொங்கிப்போயிருந்தன. எங்கோ பார்த்தபடி அப்படியே இருந்தாள். படம்தான் நின்றுவிட்டதோ என்று அவர் போனைக் கண்ணருகே கொண்டுபோனார். அவளைச் சுற்றி இலைகளெல்லாம் ஆடிக்கொண்டிருந்தன.

அவளுக்குப் போன் செய்தார். அவள் சேலையில் கையைத் துடைத்துப் போனை எடுப்பது திரையில் தெரிந்தது.

"கட்டிலை முன்னறைக்கு நகர்த்திடலாமா? ஜன்னலோரமா."

"செடி வாங்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"இன்னொரு தொட்டின்னு நினைச்சுக்கட்டும். உன்னை எட்டி நின்னு பாத்தது போதும். உக்காந்தா பக்கத்துல வந்து உக்காரு."

அவள் போனை வைத்தாள். எழுந்து, கேமராவைத் தாண்டி, படத்திலிருந்து வெளியே நடந்தாள். வெற்றுத் தொட்டியும் வெயிலும் மட்டும் திரையில் இருந்தன. ஒவ்வொரு அறையாக அவள் காலடி நெருங்கி வருவதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.