வேலிக்குள் இரண்டு வட்டுகள்

அப்பாவின் கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே கையை விட்ட அப்போண்டி, விட்ட கையை அப்படியே வைத்திருந்தாள். இரண்டு ஹார்ட் டிஸ்க் வட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. கீழ்த்தட்டு காலி. அதற்குப் போகும் வயர்கள் இரண்டும் எதையும் பிடிக்காமல் தொங்கின.

சன்னலுக்கு வெளியே, பந்தலில், பாடகர் குழு மூன்றாவது பாட்டை எடுத்திருந்தது. பந்தலுக்கு நடுவில் சவப்பெட்டியில் அப்பா படுத்திருந்தார். முதல் மனைவியின் வீட்டுக்கு வலப்பக்கம் குழி தயாராகிவிட்டது. வந்தவர்கள் எல்லோர் கையிலும் இருந்த நிகழ்ச்சித் தாளில், மதியம் ஒன்றரை மணிக்கு நேராக, ‘குடும்பத் தலைவரின் சொல்’ என்று அச்சடித்திருந்தது. இப்போது மணி பத்தே முக்கால்.

ஒகுடா சித்தப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். அப்பாவின் ஒரே தம்பி. கறுப்புக் கோட்டு, கோணலாய்த் தொங்கும் டை.

“என்னம்மா, அண்ணன் பேசிடுவாரா?”

“சித்தப்பா, இதுல இன்னொரு வட்டு இருந்துச்சே. எங்க?”

“அதுவா? ரெண்டாவது வீட்டு மகாக் கிட்ட இருக்கு.” நல்ல காரியம் செய்தவரின் முகத்தோடு உள்ளே வந்தார். “நீ நைரோபிக்குப் போயிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ளயே பிரிச்சுக் குடுத்தாச்சு. திறந்து பாத்தேன். அச்சு அசலா ஒரே மாதிரி ரெண்டு. மேல அண்ணன் கையெழுத்துல ஒண்ணு, ரெண்டுன்னு போட்டிருந்துச்சு. அண்ணனுக்கு ரெண்டு வீடு. எந்த வீட்டுக்கு எதுன்னு அவரே எழுதி வச்சிருக்காரு, நாம எதுக்கு அப்புறம் சண்ட போடணும்? திருகாணி நாலையும்கூட காகிதத்துல மடிச்சுக் குடுத்துட்டேன். பங்குன்னா முழுசா இருக்கணும்ல.”

அப்போண்டிக்குத் திட்ட வாய் வரவில்லை. ஒன்பது நாளாய்ப் பிணவறைக்கும் பலகைக் கடைக்கும் பாதிரியார் வீட்டுக்கும் அலைந்து அந்த மனுஷனின் கண் உள்ளே போயிருந்தது. இரண்டு மனைவிகள் இருக்கும் வளவில் எதைப் பார்த்தாலும் இரண்டாய்ப் பிரிக்கத்தான் கை போகும். அப்பா அவற்றுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டது எந்த வயர் எதற்கு என்று மறக்காமலிருக்க.

அப்பா ரண்டிக்கி, நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் வரைபடம் போட்டவர். ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பியதும் அவரைப் பிடித்துக்கொண்ட கிறுக்கு, கணினியை ஓட்டும் லினக்ஸ் என்ற மென்பொருள். பழைய வரைபடங்கள், படங்கள், கோயில் பாட்டுகள் என்று சேர்த்துச் சேர்த்து ஒரு வட்டு நிரம்பியது. இரண்டாவது வாங்கினார். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று கேட்டு, தினம் சாயங்காலம் மகளுக்குப் போன். நைரோபியில் ஒரு நிறுவனத்தின் கணினிகளைக் கட்டி மேய்ப்பதுதான் அப்போண்டியின் பிழைப்பு. அவள் சொன்னதையெல்லாம் அவர் ஒரு நோட்டில் ஸ்கேலால் கோடு போட்டுப் பத்தி பத்தியாக எழுதிக்கொள்வார்.

எத்தனையோ வழிகளைச் சொல்லிப் பார்த்தாள். அவர் மனம் போய் நின்றது, பல வட்டுகளை ஒரே இடமாகச் சேர்த்துத் தரும் பழைய எல்விஎம்மில்தான்.

“இதை எழுதினவன் நம்ம ஆளாத்தான் இருக்கணும்,” என்றார் ஒருநாள். “அங்க ஒரு துண்டு, இங்க ஒரு துண்டுன்னு நிலம் இருக்கு. எல்லாத்தையும் சேத்து ஒரு வேலி. அதுதான் டாலா. அப்புறம் வேலிக்குள்ள வேணுங்கற அளவுக்கு வீடு. வீடு பத்தலைன்னா வளவுல மிச்சம் இருக்கற இடத்துல கொஞ்சம் இழுத்துக்கலாம். இதத்தான இவன் இங்கிலீஷ்ல சுத்திச் சுத்திச் சொல்றான்?”

அந்தத் தொகுப்புக்கு டாலா என்றே பெயரும் வைத்தார். வீட்டு வளவுக்கு அவர்கள் மொழியில் அதுதான் சொல். இதுவரை சண்டை இல்லை. சண்டை வந்தது அடுத்த கேள்வியில்.

“கண்ணாடியா வைங்கப்பா. ஒண்ணுல எழுதறது அப்படியே இன்னொண்ணுலயும் இருக்கும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு காப்பாத்தும்.”

“யோசிக்கறேன்.”

மூன்று வாரம் யோசித்தார். பிறகு ஒரு சாயங்காலம், அலுவலகத்தில் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்த ஒரு நாளில், போன் செய்து கண்ணாடி வேண்டாம் என்றார்.

“அப்ப எதுக்கு என்னைக் கேட்டீங்க? ஒண்ணு போனா எல்லாம் போயிடும். அன்னிக்கு எனக்குப் போன் பண்ணாதீங்க.”

“சரி. பண்ணல.”

பண்ணவே இல்லை. அவளும் பண்ணவில்லை. அப்பனுக்குத் தப்பாத மகள். மூன்று மாதம் கழித்து ஒகுடா சித்தப்பா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். அவள் ஏறிய பஸ் நக்குருவைத் தாண்டும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

கடைசி நாள் கட்டிலைச் சுற்றி இரண்டு மனைவிகளும் தம்பியும் நின்றபோது அப்பா சொன்னது இவ்வளவுதான்: “என் வார்த்தை கணினியில இருக்கு. மண்ணு போடறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்கணும்.” என்ன வார்த்தை என்று ஊருக்கே தெரியும் என்பதுபோல் பேச்சு அடிபட்டது. பதினோரு வருஷத்துக்கு முன் இரண்டாவது மனைவி ரோசலிடா, மூத்தவள் பெனினாவோடு மனஸ்தாபப்பட்டு, கள்ளி வேலியில் தனக்கென்று தனி வழி வெட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. இதற்கு நான் ஒரு முடிவு சொல்கிறேன் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார், சொன்னதில்லை. இப்போது சொல்லப்போகிறார். ரோசலிடாவின் வீட்டை வேலிக்கு வெளியே போகச் சொல்லியிருப்பார் என்று முதல் வீட்டுப் பெண்கள் சமையல் புகைக்கு நடுவில் கிசுகிசுத்தார்கள். ரோசலிடாவின் வீட்டில் சத்தமே இல்லை.

அப்போண்டி கணினியை எழுப்பினாள். அது எழும்புவதற்கென்று ஒரு சின்ன வட்டு தனியாக இருந்ததால் எழும்பியது. டாலாவைத் திறக்கச் சொன்னாள். ஒரு வட்டைக் காணவில்லை என்று திரை சொன்னது. இருக்கிற பாதியையாவது காட்டு என்று வேறு விதமாய்க் கேட்டாள். மறுத்துவிட்டது.

மேசை இழுப்பறையில் நோட்டு இருந்தது. கடைசிப் பக்கத்தில் ‘கண்ணாடி’ என்ற பத்தி குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது. கீழே அவர் கொடுத்த கட்டளை, அதில் இரண்டு என்ற எண்ணுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு. அவள் அதைப் பார்த்தபடி நின்றாள். வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வெறுமனே ஒட்டியிருந்தால்கூட ஒரு வட்டில் இருப்பது தனியாகத் தேறியிருக்கும். இவர் ஒவ்வொன்றையும் துண்டு துண்டாக்கி, ஒரு துண்டு இதில், அடுத்தது அதில் என்று மாற்றி மாற்றி எழுத வைத்திருக்கிறார். ஒரு கடிதத்தை எழுத்து எழுத்தாய்ப் பிய்த்து இரண்டு உறையில் போட்டது போல. அவளிடம் வேலை பார்க்கும் கற்றுக்குட்டி இதைச் செய்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பாள்.

அம்மா பெனினா வாசலில் நின்றிருந்தாள்.

“அங்க போகணுமா?”

“போகணும்மா. அது இல்லாம இது வெறும் இரும்பு.”

பெனினா தலைத்துணியை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டாள்.

முற்றத்தைக் கடக்க நாற்பது அடி. அந்த நாற்பது அடியை அப்போண்டி பதினோரு வருஷமாய் நடந்ததில்லை. பந்தலில் இருந்த தலைகள் திரும்பின. ஒலிபெருக்கிக்காரர், ஆளுக்கு மூன்று நிமிஷம்தான் என்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

ரோசலிடா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மகன் மகாக் கதவை மறித்து நின்றான். சியாயாவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். கை முழுக்கப் பொறித் தழும்புகள்.

“வட்டு வேணும், மகாக்.”

“அது எங்க வீட்டுப் பங்கு. உங்களுக்குத்தான் ஒண்ணு இருக்கே. அது பத்தலையா?”

“ரெண்டும் சேந்தாத்தான் திறக்கும்.”

“கத விடாதக்கா. நான் அதை டவுன்ல ஒரு கடைக்குக் கொண்டு போனேன். மாட்டிப் பாத்துட்டு ஒண்ணுமே இல்ல, வெத்துங்கறான். முதல் வீட்டுக்கு நெறஞ்சது, எங்களுக்கு வெத்துப் பெட்டி. அழிச்சுப் புதுசாப் போட்டுத் தரட்டுமான்னு கேட்டான்.”

“அழிச்சுட்டியா?”

மகாக் அவளையே பார்த்தான்.

“மகாக், அழிச்சுட்டியா?”

“இல்ல. மேல அப்பா கையெழுத்து இருந்துச்சு. வேணாம்னு வாங்கிட்டு வந்துட்டேன்.”

அவள் நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். “எங்களுதும் வெத்துதான்டா. இப்பத்தான் பாத்தேன். தனியா எதை மாட்டினாலும் வெத்துன்னுதான் காட்டும். அப்படித்தான் எழுதி வச்சிருக்காரு.”

மகாக் நம்புவதா வேண்டாமா என்று நின்றான். “சரி, திறக்குதுன்னே வை. எங்கம்மாவ வெளிய போகச் சொல்லியிருந்தா? அதை நானே கொண்டு வந்து குடுத்து, ஊரு முன்னாடி கேக்கணுமா?”

பொய் சொல்ல வாய்ப்பிருந்தது. “என்ன சொல்லியிருக்காருன்னு எனக்குத் தெரியாது,” என்றாள். “எங்கிட்டயும் மூணு மாசமாப் பேசல.”

ரோசலிடா அப்போதுதான் தலையைத் தூக்கினாள்.

“குடுக்காத,” என்றாள் மகனிடம். “நீயே எடுத்துட்டுப் போ. அவர் என்ன சொன்னாலும் நம்ம வீட்டு ஆளு அங்க நின்னு கேக்கணும்.”

மகாக் அதை ஒரு துவாலையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். அப்பாவின் அறையில் அப்போண்டி வயரை மாட்டினாள். வட்டு பெட்டிக்கு வெளியே, துவாலை மேல், அவன் உள்ளங்கையிலேயே இருந்தது. கீழே வை என்றாள். அவன் வைக்கவில்லை.

மின்சாரம் பந்தலுக்கு எடுத்த வாடகை ஜெனரேட்டரிலிருந்து வந்தது. அது ஒருமுறை இருமியது. விளக்கு மங்கிப் பிழைத்தது. மகாக்கின் கையில் வட்டு டிக் என்றது, மறுபடி டிக் என்றது.

“என்னக்கா சத்தம் போடுது?”

“பேசாத.”

மூன்றாவது டிக் வரவில்லை. சுழல ஆரம்பித்தது. டாலா, இரண்டு வட்டு, இரண்டும் உண்டு என்று திரையில் வரி விழுந்தது. உள்ளே ஒரே ஒரு ஒலிக்கோப்பு தனியாக நின்றது. தேதியைப் பார்த்தாள். அவர்கள் சண்டை போட்டதற்கு மூன்றாம் நாள்.

ஒகுடா சித்தப்பா கதவைச் சாத்தினார். “முதல்ல நாம மட்டும் கேட்டுடலாம். ஏதாவது ஏடாகூடமா இருந்தா…”

“எல்லாரும் கேக்கணும்னுதான் சொன்னாரு,” என்றான் மகாக். வட்டை இன்னும் கீழே வைக்கவில்லை.

அப்போண்டி கதவைத் திறந்தாள். ஒலிபெருக்கி வயரைச் சன்னல் வழியாக இழுத்துச் செருகினாள். மணி ஒன்றரை ஆகவில்லை. ஆனாலும் ஓடவிட்டாள்.

பந்தல் முழுக்க அப்பா இருமினார். “ஓடுதா? ஓடுது.” நாற்காலி நகர்ந்தது.

“அப்போண்டி, நீ சொன்னதுதான் நல்ல வழி. எனக்கும் புரிஞ்சுது. ஆனா கண்ணாடியா வச்சா ஆளுக்கு ஒண்ண எடுத்துட்டுப் போயி அவங்கவங்க கதவச் சாத்திக்கிட்டுக் கேப்பாங்க. என் தம்பிய எனக்குத் தெரியும், ரெண்டாப் பிரிக்கலைன்னா அவனுக்குத் தூக்கம் வராது.” பந்தலில் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். “இப்ப இது கேக்குதுன்னா ரெண்டும் ஒரே பெட்டியில இருக்கு. கேக்கலைன்னா கேக்கல, போகட்டும். ரெண்டு வீடும் இருக்கற இடத்துலயே இருக்கணும். ரோசலிடா வெட்டின வழியும் இருக்கட்டும், எனக்கு அது ஆத்துக்குப் போகக் குறுக்கு வழி. அவ்வளவுதான். அப்போண்டி, போன் பண்ணாதேன்ன. அதான் இதுல சொல்றேன்.”

பேச்சு முடிந்தது. பதிவு முடியவில்லை. அணைக்க மறந்திருக்கிறார். செருப்பைத் தேடினார். கதவு கிறீச்சிட்டது. ஒரு கோழியை விரட்டினார். செருப்புச் சத்தம் முற்றத்தில் போய்ப் போய்ச் சிறுத்தது. யாரும் அணைக்கச் சொல்லவில்லை. முந்நூறு பேர் உட்கார்ந்து அவர் நடந்துபோவதைக் கேட்டார்கள். சன்னலோரம் அப்போண்டி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், கம்பெனியில் யாரும் பார்த்திராத அழுகை.

மண் போட்டார்கள். ஊகாலிக் களியும் இறைச்சியும் சாப்பிட்டுக் கூட்டம் கலையத் தொடங்கியது. ஜெனரேட்டரை நிறுத்துவதற்கு முன் கணினியை ஒழுங்காக அணைக்க அப்போண்டி அறைக்கு வந்தாள். பின்னாலேயே மகாக் வந்தான். பங்கை எடுத்துப் போக வந்திருக்கிறான் என்று நினைத்து, கணினியை அணைத்து வயரைக் கழற்றி, துவாலையோடு வட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மகாக் அதைத் தொடவில்லை. மேசை மேல் கிடந்த திருப்புளியை எடுத்துக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துப் பிரித்தான். வட்டைக் கீழ்த்தட்டில் செருகி, ஒரு திருகாணியைப் பொருத்தி முறுக்கினான். இரண்டாவது. மூன்றாவது.

நான்காவது அவன் விரலிலிருந்து நழுவி மேசைக்கு அடியில் உருண்டது. இரண்டு பேரும் குனிந்தார்கள்.