சாவி இல்லாத மீட்டர்

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன் பெட்டி இறக்குகிறவன் கிளைவ். இருபது வருஷமாக அவனுக்குத் தெரிந்த மின்சாரம் ஒன்றுதான். பிளாஸ்டிக் சாவியைக் கடையில் கொடுத்துக் காசு ஏற்ற வேண்டும், வீட்டு மீட்டரில் செருக வேண்டும். காசு தீர்ந்தால் இருட்டு.

போன வசந்தத்தில் அப்படித்தான் ஆனது. அவனும் மனைவி நோரீனும் வேலைக்குப் போயிருந்தபோது காசு தீர்ந்தது. மீட்டர் கொடுக்கும் அவசரக் கடனும் தீர்ந்தது. கோழிக்குஞ்சு பொரிக்க கிளைவ் வாங்கி வைத்திருந்த மின்சாரப் பெட்டி சில்லிட்டுப்போய், ஓட்டுக்குள்ளேயே குஞ்சுகள் செத்துவிட்டன. கிளைவ் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தான். மறுநாளே நோரீன் மின்சாரக் கம்பெனிக்குப் போன் போட்டு, மாசாமாசம் பில் வருகிற மீட்டர் கேட்டாள்.

"பில்லா? எங்கப்பன் பில்லுக்குப் பயந்து சோபாவுக்குப் பின்னாடி ஒளிஞ்ச ஆளு. சாவின்னா நம்ம கையில இருக்கும் நோரீன்."

"கையில வச்சுக்கிட்டு என்ன கிழிச்ச? குழிதான வெட்டுன."

கம்பெனி ஆள் வந்து மீட்டரை மாற்றிவிட்டுப் போனான். கிளைவ் மறுபடி முட்டை வைத்தான். இந்தத் தடவையும் செத்தால் பெட்டியைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பொரிக்கிற நாள் அவனுக்கு விடுமுறை. மழை. முதல் முட்டையில் விரிசல் விழுந்து, உள்ளிருந்து அலகு தட்டும் சத்தம் கேட்டது. மேல்மாடியில் நோரீன் பழைய ஹீட்டரைப் போட்டாள். பட்டென்று வீடு முழுக்க மின்சாரம் போனது. பெட்டியின் மின்விசிறி நின்றது.

கிளைவ் யோசிக்கவில்லை. மேசை இழுப்பறையில் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு மழையில் ஓடினான்.

கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். எல்லாரையும் தள்ளிக்கொண்டு போய்ச் சாவியை நீட்டினான்.

"பவுலின், சீக்கிரம் ஏத்து! குஞ்சு சாவுது!"

கடைக்காரி பவுலின் சாவியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "கண்ணு, உன் வீட்டுலதான் மீட்டர மாத்தியாச்சே? உன் பொண்டாட்டி இங்க நின்னு ஊருக்கே சொன்னாளே."

"அப்ப ஏன் இருட்டாச்சு?"

"எனக்கென்ன தெரியும்? நான் பால் விக்கிறவ."

வரிசையில் நின்ற ஒருவன், "எங்கிட்ட குடு கிளைவ், அதுல எனக்கு ரெண்டு பீர் ஏத்திக்கிறேன்" என்றான். கடையே சிரித்தது. கிளைவின் காது சிவந்துபோனது. ஓடி வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பினான்.

வீட்டில் விளக்கு எரிந்தது. நோரீன் பெட்டியைத் தன் கம்பளிக் கோட்டால் போர்த்திவிட்டு, மேலே கையை வைத்தபடி மண்டியிட்டிருந்தாள்.

"ஹீட்டரால டிரிப் ஆச்சு. மெயின் சுவிட்ச மேல தூக்கிவிட்டேன், வந்துருச்சு. நீ எங்கய்யா போன?"

"கடைக்கு."

"எதுக்கு?"

அவன் கையைத் திறந்து காட்டினான். நோரீன் தரையில் உட்கார்ந்து, விலா வலிக்கச் சிரித்தாள். முதலில் முறைத்தவன், முடியாமல் தானும் சிரித்தான். ஈரச் செருப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சரி சரி, கோட்ட எடு. உசுரோட இருக்கான்னு பாப்போம்."

எடுத்தார்கள். ஓடு இரண்டாகப் பிளந்து, நனைந்த பஞ்சு மாதிரி ஒன்று கால் உதைத்துக்கொண்டு கிடந்தது. இன்னொரு முட்டையிலும் தட்டல் ஆரம்பித்திருந்தது.

சாயங்காலத்துக்குள் ஆறு குஞ்சுகள். அட்டைப்பெட்டியில் விட்டு, மேலே சூடு விளக்கைத் தொங்கவிட்டான் கிளைவ். படுக்கப் போகுமுன் பழக்க தோஷத்தில் கை அந்த விளக்கின் சுவிட்சுக்குப் போனது.

"கைய எடு," என்றாள் நோரீன்.

"ராத்திரி பூராவுமா?"

"றெக்கை முளைக்கிற வரைக்கும். பில்லு வரட்டும், குடுத்துக்கலாம்."

கிளைவ் கையை எடுத்தான். ஒரு நாற்காலியை இழுத்து அட்டைப்பெட்டி பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். அந்தச் சூடு அவன் முழங்காலுக்கும் இதமாக இருந்தது.