கீழிருந்து வாசிக்கும் ஹாஜறா

1

ஹாஜறா அதிபருக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. பாடசாலை நேரத்தில் தமது நாற்காலியில் அமரமாட்டார். பிளேன்ரீயைக்கூட நின்றபடியே குடிப்பார். எந்தப் பெயர்ப்பட்டியலைக் கொடுத்தாலும் கடைசிப் பெயரில் தொடங்கிக் கீழிருந்து மேலாக வாசிப்பார்.

இவ்வரிகள் ஒரு கட்டுரையிலிருந்து தப்பி வந்தவை. 'பாடசாலை மேம்பாட்டில் தலைமைத்துவத்தின் வகிபாகம்' என்னும் தலைப்பில் ஒரு மலருக்கு எழுதித் தருமாறு கேட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியனிடம் வேறென்ன கேட்பார்கள்? "தலைமைத்துவம் என்பது யாதெனின்" என்று தொடங்கினேன். இரண்டாம் பக்கத்தில் ஹாஜறா உள்ளே வந்தார். அவரைக் கண்ட வகுப்பைப் போலக் கட்டுரை எழுந்து நின்றது, பிறகு அமரவேயில்லை. மலர்க்குழுவினர் என்னை மன்னிப்பாராக.

2

எழுதி அடித்த தொடக்கம் ஒன்று:

"கல்முனைக் கரையோரத்தில், அலையோசை கேட்கும் தூரத்தில், சீரழிந்து கிடந்த ஒரு பாடசாலையை மீட்க வந்த வீரப்பெண்…"

போதும். அது சீரழிந்து கிடக்கவில்லை. சுவர்கள் வெள்ளையாகவே இருந்தன. மணி நேரத்துக்கு அடித்தது. பிள்ளைகள்தாம் வரவில்லை. பதினோராம் வகுப்பு வரவு இடாப்பில் நாற்பத்தொரு பெயர்கள். வாங்குப்பலகைகளில் இருபத்தைந்து பேர். அவ்வகுப்பின் முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் அவர்களிலும் பாதிப்பேர் தவறிக்கொண்டிருந்தனர்.

3

ஹாஜறா பொறுப்பேற்ற ஆண்டின் முதல் தவணையில் செய்த தவறை இங்கே எழுதியாகவேண்டும். மலர்க் கட்டுரையில் அதற்கு இடமிருந்திராது.

வராத பிள்ளைகளின் பெயர்களைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தால் பெற்றோர் விழித்துக்கொள்வர் என்று எண்ணினார். பாங்கு சொல்லும் மோதினார் நூஹுவும் உடன்பட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. ஒலிபெருக்கி கரகரத்தது, ஸலாம் சொல்லிற்று. "கடற்கரை வீதியில் வசிக்கும் சுஹறா என்பவரின் மகள் ஸில்மியா…"

தொழுகை நேரமல்லாத நேரத்தில் அவ்வொலிபெருக்கி ஒருவர் பெயரைச் சொன்னால், அந்த ஊரில் அதற்கு ஒரே பொருள்தான்: மரணம், மௌத்து. மீதியைக் கேட்க யார் நின்றார்கள்? கடைகள் பாதிக் கதவைச் சாத்தின. பெண்கள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஓடினர். நல்லடக்கத்துக்கு உதவும் ஜனாஸாச் சங்கத்தின் பிளாஸ்டிக் கதிரைகள் லேண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் ஏறிப் புறப்பட்டுவிட்டன.

கதவைத் திறந்தவள் ஸில்மியாவேதான். கையில் பாதி தின்ற ரொட்டி.

"அல்லாஹ்வே! நீ மௌத்தாகல்லயாடி?" என்றாள் அடுத்த வீட்டு மாமி.

"இன்னம் இல்ல மாமி. ரொட்டி திங்கிறன்."

"கதிரையெல்லாம் வந்திட்டே புள்ள!"

"அப்ப இரிங்களன்."

(கதிரைகள் நூறு என்று முதற்படியில் எழுதியிருந்தேன். மிகை. நாற்பது.)

4

மன்னிப்புக் கேட்க ஹாஜறா நடந்தே போனார். சந்தையிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்திருந்த சுஹறா அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"எண்ட புள்ளய உசிரோட மௌத்தாக்கிப் போட்டீங்களே மிஸ்!"

"என்ட பிழதான் ராத்தா. மன்னிச்சிருங்க."

இவ்விடத்தில் ஹாஜறா ஒரு கதிரையை இழுத்து அமர்ந்தார். (ஆம், அமர்ந்தார். அது பாடசாலை நேரமும்கூட. நான் மறந்து எழுதவில்லை.)

"ஏன் புள்ள பள்ளிக்கூடத்துக்கு வாறல்ல?"

ஸில்மியாவை முதலில் வாய்பேசத் தயங்கும் பிள்ளையாகவே அமைத்தேன். கதவைத் திறந்த கணத்தில் என் திட்டத்தை அவள் முறித்துவிட்டாள்.

"வந்தா மட்டும் ஆருக்கு மிஸ் தெரியும்? டாப்புல எண்ட பேரு கடைசி. அது வாறதுக்குள்ள மணி அடிச்சிரும். சேர்மாரு 'பின் வாங்கு' எண்டுதான் கூப்பிர்ற. இண்டைக்குத்தான் எண்ட பேர ஊருக்கே கேக்கச் சொன்னாங்க."

"அதுவும் மௌத்தெண்டு," என்றாள் மாமி. எல்லாரும் சிரித்தனர்.

ஹாஜறா சிரிக்கவில்லை. ஹகரத்தில் தொடங்கும் பெயரும் இடாப்பின் கடைசியிலேயே கிடப்பது. அவருடைய பள்ளிப்பருவத்தைப் பற்றி… [பதினொரு வரிகள் எழுதி அடித்தேன். நீங்கள் அறிவீர்கள்.]

மறுநாள் முதல் ஒவ்வொரு காலையும் இடாப்போடு பாடசாலை வாசற்கதவருகே நின்று, கீழிருந்து மேலாக ஒவ்வொரு பிள்ளையையும் முழுப்பெயர் சொல்லி அழைத்தார். எட்டு மணிக்குள் வராத பிள்ளையின் வீட்டுக்கு வகுப்பாசிரியர் போகவேண்டும். அவர் திரும்பும்வரை அவருடைய பாடத்தை அதிபர் எடுப்பார்.

"இது தபால்காரன்ட வேல மிஸ்," என்றார் பிரதி அதிபர் ஜவாத். சொல்லிவிட்டு முதலாவதாக மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பியவரும் அவரே.

மூன்றாம் தவணையில் நாளொன்றுக்கு முப்பத்தொன்பது பேர் வந்தனர். இதைத் தலைமைத்துவம் என்று மலர் சொல்லக்கூடும். நான் பார்த்தது, ஒருவர் நாள்தோறும் வெயிலில் நின்றதைத்தான்.

5

இனி என் பேனா தயங்கும் இடம்.

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இவ்வாண்டுச் சாதாரண தரத்தில் பாதிப்பேரேனும் சித்தியடையாவிட்டால் பத்தாம், பதினோராம் வகுப்புகள் மூடப்படும். இனி வரும் பிள்ளைகள் பஸ் ஏறி நகரத்துக்குப் போகவேண்டும். பெண்பிள்ளைகளைச் சுஹறா போன்றோர் பஸ்ஸில் அனுப்பார் என்பதை எல்லாரும் அறிவர்.

பரீட்சை விண்ணப்பம் அனுப்பும் கடைசி நாளன்று ஜவாத் பட்டியலைக் கொணர்ந்தார். ஒன்பது பெயர்கள்மேல் சிவப்புக் கோடு.

"கோபிக்காதீங்க மிஸ். நானும் புள்ளயளுக்காகத்தான் கதைக்கிறன். பத்தொம்பது பேரு நிச்சயம் பாஸ். நாப்பத்தொரு பேருல பத்தொம்பது எண்டா பாதிக்குக் கீழ. இந்த ஒம்பது பேரையும் பள்ளிக்கூடக் கணக்குல சேக்காம வெளியால எழுதச் சொன்னா, முப்பத்திரெண்டுல பத்தொம்பது. வகுப்பு தப்பும்."

"வெளியால எழுதுவாங்களா சேர்?"

ஜவாத் பட்டியலை மேசைமேல் வைத்து, மூடாத சிவப்புப் பேனாவை அதனருகே வைத்தார்.

அவரைக் கொடியவராக்கிப் பார்த்தேன், இயலவில்லை. அவருடைய கணக்குச் சரியானது. மேலும், அத்தகைய பட்டியல்களை என் பணிக்காலத்தில் நானும் எழுதியிருக்கிறேன். அழகிய கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். அவற்றிலிருந்த ஒரு பெயரேனும் இன்று என் நினைவில் இல்லை.

முடிவு அ: நாற்பத்தொரு பேரும் சித்தி. முப்பத்திரண்டாண்டுகள் கற்பித்தவன் இதை எழுதக் கூசுகிறேன்.

முடிவு ஆ: பத்தொன்பதே பேர். வகுப்பு மூடப்படுகிறது. ஸில்மியாவின் தங்கை பஸ் தரிப்பிடத்தில்… [இதை முடிக்கமாட்டேன்.]

முடிவு இ: வலய அலுவலகம் மனமிரங்கி — அடித்துவிட்டேன்.

பரீட்சைப் பெறுபேற்றை எழுதேன், அதை உங்களிடம் விடுகிறேன். எனக்குத் தெரிந்தது அந்த நண்பகல் வரைதான்.

6

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. மேசைமேல் பிளேன்ரீ ஆறிக் கிடந்தது. ஹாஜறா நின்றபடியே பட்டியலைக் கையிலெடுத்து, வழக்கம்போலக் கீழிருந்து தொடங்கினார். முதற்பெயரே சிவப்புக் கோட்டினடியில் இருந்தது: ஸில்மியா. ஒன்றையும் தாண்டாமல், வாய்க்குள் உச்சரித்தபடியே உச்சிவரை போனார்.

"வகுப்ப மூடிட்டா, வாற வருஷம் கேற்றுல நிண்டு ஆர்ர பேர மிஸ் கூப்பிர்ற?" என்று ஜவாத் மெல்லக் கேட்டார்.

"அதுக்கு நான் வலயத்துக்குப் போய்க் கதைக்கிறன் சேர்," என்றார் ஹாஜறா. சிவப்புப் பேனாவை மூடி அவர் கையிற் கொடுத்தார். "நாப்பத்தொரு பேரும் எழுதட்டும்."