மைனாட்டில் அப்பா

வெளி மாநிலத்துக்காரர்களுக்கு அந்த நார்த் டகோட்டா மருத்துவக் கல்லூரி லேசில் இடம் கொடுக்காது. அந்த மண்ணோடு ஏதாவது ஒட்டுறவு இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. கலிபோர்னியாக்காரியான நான் அதில், 'அப்பா மைனாட்டில் வசிக்கிறார்' என்று எழுதினேன். அந்த மாநிலத்து ஊர்தான்; பெயர் அவர் எப்போதோ அனுப்பிய வாழ்த்து அட்டையின் உறையில் பார்த்தது. பதினான்கு வருடமாக அவரோடு பேச்சே இல்லை என்பதை எழுதவில்லை. அவர்கள் கேட்கவில்லையே.

இருபத்தாறு கல்லூரிகள் கைவிரித்துவிட்டன. நேர்காணலுக்குக் கூப்பிட்டது இது ஒன்றுதான். இதுவும் போனால் மூன்றாவது வருடமும் ஆம்புலன்ஸ் வேலைதான்.

நேர்காணலுக்கு அரை மணி இருந்தது. அப்பாவைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வேன்? அவர் என்ன வேலை செய்கிறார் என்றுகூடத் தெரியாது. அம்மாவிடம் எண்ணை வாங்கி, கல்லூரி வாசலிலிருந்தே கூப்பிட்டேன்.

"டெலியாவா? நம்பவே முடியலம்மா. எங்க இருக்க?"

"நார்த் டகோட்டால. மெடிக்கல் காலேஜ் இன்டர்வியூ."

"அடடா, நான் டெக்சஸ்ல இல்ல இருக்கேன். லாரி ஓட்டுறேன். மைனாட்ட விட்டு மூணு வருஷம் ஆச்சு."

"அங்கேர்ந்தும் போயிட்டியா?"

இந்த மனுஷன் ஒரே ஒரு தடவையாவது எனக்கு உபயோகப்படக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது. போனை வைத்துவிட்டு நேர்காணலுக்குப் போனேன்.

உள்ளே, நேர்காணல் செய்த டாக்டர் ஹால்வர்சன் என் விண்ணப்பத்தைப் புரட்டினார். "அப்பா மைனாட்டா? நம்ம ஊராச்சே. எந்தத் தெரு?"

உறையில் இருந்த தெருப் பெயர் வாய் வரைக்கும் வந்துவிட்டது. யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

"இப்ப அங்க இல்ல சார். டெக்சஸ் போயிட்டாராம். எனக்கே இப்பத்தான் தெரியும்."

"அப்ப இங்க உங்களுக்கு யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"படிச்சு முடிச்சதும் நீங்களும் கெளம்பிடுவீங்க. எங்க ஊருக்குப் போன வருஷம் வந்த டாக்டர் ஏழே மாசம் இருந்தார். ஜனங்க இன்னும் அவர் எப்ப வருவார்னு கேக்கறாங்க."

"நானும் அப்படிக் கேட்டிருக்கேன் சார். ஒம்போது வயசுல."

அவர் பேனாவை எடுத்தார்.

"அப்பா பத்தின வரிய அடிச்சிடட்டுமா?"

தொலைந்தது என்றுதான் நினைத்தேன். "அடிச்சிடுங்க."

"அந்த எடத்துல என்ன எழுத?"

"நான் இருப்பேன்னு எழுதுங்க."